அச்சாகிவிட்ட ஓட்டு

பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். போனாலும் உட்கார முடியாது. இதற்குள் தண்டவாளத்தை மூன்று முறை தாண்டி நடந்துவிட்டேன்.

இன்று மாலை நம் சங்கத்தில் சட்டசபை உறுப்பினருக்கு வரவேற்பு. வரவேற்புப் பத்திரத்தை எழுதியதும் நான், மேடையில் வாசிக்க வேண்டியதும் நான்.

ரப்பர்த் தோட்டத்துச் சம்பளக் குறைப்பை எதிர்ப்பேன் என்று போன மாதம் இதே மேடையில் அவர் சொன்னார். அதை நம்பி, "எதிர்த்து ஓட்டளித்த பெருந்தகையே" என்று ஓட்டெடுப்புக்கு முன்பே எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

காலையில் பேப்பர் வந்தது. அவர் குறைப்பை ஆதரித்து ஓட்டளித்திருக்கிறார்.

சங்கத் தலைவரிடம் ஓடினேன். "அச்சடிச்சுக் கண்ணாடியும் போட்டாச்சு தம்பி. பேசாம படிச்சிடு," என்றார்.

மறுத்திருக்கலாம். படித்தேன். அந்த வரியில் என் குரல்தான் இறங்கியது. உறுப்பினர் முகம் மாறாமல் கைகூப்பினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மேடையை விட்டு இறங்கியதும், கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப எங்க சம்பளம் குறையாதுல்ல அண்ணே?"

நான் வாய் திறப்பதற்குள் உறுப்பினர் என் தோளைத் தட்டினார். "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. இன்னொரு பிரதி கிடைக்குமா? ஆபீஸ்ல மாட்டணும்."

இரண்டு பேருக்குமே நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தாளின் கீழே இடம் விட்டிருக்கிறேன். என்ன சொல்லலாம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.