காதர் அண்ணன் சேர்த்த மணம்

"அத்தா நம்மள விட்டுப் போயிட்டாக மாமி" என்று காதர் அண்ணனின் மகள் தொலைபேசியில் சொன்னாள். அண்ணனைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் போடியில் ஓர் ஏலக்காய் மண்டிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குப் புரோகிராம் எழுத அவரும் நானும். நான் பக்கத்து ஊரான சிலமலைக்காரி. இந்த வேலை போனால் வீட்டில் உட்காரவைத்துக் கல்யாணத்தை முடித்துவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும்.

மண்டிக்கு வரும் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒவ்வொரு சரக்குக் குவியலுக்கும், நிறம், பருமன், எடை என்று விவரங்கள் உண்டு. வியாபாரி எதைக் கேட்டாலும் காட்ட, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் புரோகிராம் எழுதி அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏன் ஆத்தா இம்புட்டு மெனக்கெடுற? அவுக கேக்குற விவரத்தோட பேரையே வாங்கி, அந்தப் பேர்ல உள்ளதை எடுத்துக் குடுக்கச் சொல்லு. நாளைக்குப் புதுசா ஒண்ணு சேர்த்தாலும் புரோகிராம்ல கை வைக்க வேணாம்."

பக்கம் பக்கமாக எழுதியது சில வரிகளில் முடிந்தது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

ஒருநாள் கடை நிறைய ஆட்கள். தேவாரம் ஊரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், "மணம் எதுல தூக்கலா இருக்குன்னு பாரு" என்றார். கேட்டதை அப்படியே தட்டிப் பழகிய கை 'மணம்' என்று தட்டிவிட்டது. அப்படியொரு விவரமே உள்ளே இல்லை. புரோகிராம் நின்றுவிட்டது.

"பொம்பளப்புள்ள கையில மெஷினக் குடுத்தா இதான் கதி. நாளையிலருந்து வரவேணாம்" என்றார் முதலாளி.

காதர் அண்ணன் எழுந்து வந்தார். "அந்தப் புள்ள மேல தப்பில்ல முதலாளி. இல்லாத பேரச் சொன்னா மெஷின் எங்கிட்டுப் போயித் தேடும்? பேரு இருக்கான்னு மொதல்ல பாக்கச் சொல்லியிருக்கணும். நாந்தான் எழுதாம விட்டேன். அனுப்புறதா இருந்தா என்னைய அனுப்புங்க."

முதலாளி உள்ளே போய்விட்டார்.

பேர் இருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனையை அண்ணன் அன்றே எழுதினார். விவரங்களில் மணத்தையும் சேர்த்தார். அதற்காகப் புரோகிராமில் ஒரு வரியும் மாறவில்லை. மணத்துக்கு மார்க் போட்டதும் அவர்தான். சாம்பிளை முகர்ந்து முகர்ந்து அவர் சொல்ல, நான் தட்டினேன். மூக்குப்பொடி போடுகிற மனிதரின் மார்க்கை எவ்வளவு நம்பலாம் என்பது அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியாததா!

மறுவாரம் அதே வியாபாரி அதையே கேட்டார். தட்டினேன், வந்தது. "டீ குடிச்சியாமா?" என்றார் முதலாளி. என்னை அனுப்புகிற பேச்சு அதோடு நின்றது.

இன்று என்னிடம் சிலர் வேலை பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் எழுதிய புரோகிராம் வாடிக்கையாளர் முன்னால் நின்றுபோனது. "பார்க்காமல் விட்டது நான்தான்" என்று எழுந்து சொன்னேன். அண்ணனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு வாக்கியம். சொல்லும்போது எனக்குப் பயம்தான். அவருக்கும் அன்று பயம் இருந்திருக்கும். அவர் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.