அரை இட்லிக் காலம்

காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலைக் கடையில் எனக்கு விற்பனை வேலை என்று பெயர். உண்மையில் உட்கார்ந்திருக்கிற வேலை. வாசலுக்கு நேராக வெள்ளை மெத்தையில் என்னை உட்கார வைத்தால் கடைக்கே ஒரு களை வருகிறது என்பார் முதலாளி. கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள் என் தொப்பையைப் பார்த்துவிட்டு, செழிப்பான கடை என்று நம்பி உள்ளே நுழைவார்கள். அந்தத் தொப்பையை நான் சும்மா வளர்க்கவில்லை. மூங்கில் குழலில் நீளமாக வேகிற கோயில் இட்லியை முழக் கணக்கில் தின்றுவிட்டு, மத்தியானத்துக்கு இலை போட்டாயிற்றா என்று கேட்கிற ஆள் நான்.

அப்பேர்ப்பட்ட வயிற்றில் புண் வந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தைத்து அனுப்பினார்கள். "இனிமே ஒரு கைப்பிடிதான் கொள்ளும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க" என்றார் டாக்டர். நாளெல்லாம் சாப்பிடச் சொல்கிற டாக்டர் யாருக்குக் கிடைப்பார் என்று பூரித்துப்போனேன். கைப்பிடி என்ற சொல் என் காதில் ஏறவேயில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஏறியது. அரை இட்லியைக் கரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவருவாள் மனைவி. அதை அரை மணி நேரம் சாப்பிடுவேன். அவள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் கஞ்சிக்கு நேரமாகிவிடும். கஞ்சிக்குப் பிறகு மோர். இரைப்பையைத்தான் வெட்டினார்களே தவிர நாக்கை யாரும் வெட்டவில்லை. பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். வந்த முதல் நாளே எங்கள் அடுப்பிலிருந்து தாளிக்கிற வாசனை வர, "மனுஷன் இங்க கஞ்சி குடிச்சுக்கினு கெடக்கறேன், உனக்குக் கொழம்பு கேக்குதா?" என்று கத்தினேன். அதோடு வீட்டில் தாளிப்பு நின்றது. உடம்பு இளைத்தாலும் அதட்டல் இளைக்கவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

ஒரு நாள் காலையில், கடையில் கூட வேலை செய்கிறவர் என்னைப் பார்க்க வந்தார். கையில் தொன்னை நிறையப் பெருமாள் கோயில் சர்க்கரைப் பொங்கல். மனைவி கிணற்றடியில் இருந்தாள். அவர் தலை மறைந்ததும் தொன்னையைக் காலி செய்தேன். பிரசாதத்தை மறுக்கலாமா என்று எனக்கு நானே உபதேசம் செய்துகொண்டேன். பக்திக்குக் கைமேல் பலன் கிடைத்தது. உடம்பெல்லாம் வியர்த்தது, நெஞ்சு படபடத்தது, கண் இருட்டியது. "ஐயோ, தையல் பிரிஞ்சிடுச்சு, நான் போறேன்" என்று தெருவே கேட்கக் கூவினேன். மனைவி ஈரக் கையோடு தெருக்கோடியில் இருந்த கம்பவுண்டரை அழைக்க ஓடினாள்.

அவர் வருவதற்குள் எனக்குப் பாதி தெளிந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு முனகிக்கொண்டே கிடந்தேன். அவர் என் நாடியைப் பார்த்தார், கட்டிலுக்கடியில் கிடந்த தொன்னையையும் பார்த்தார். "இன்னா சார் இது" என்று அவர் ஆரம்பிக்கும்போதே வாசலில் தொப்பென்று சத்தம். அவருக்குப் பின்னால் ஓடிவந்த மனைவி நிலைப்படியில் சரிந்து கிடந்தாள்.

தண்ணீர் தெளித்து எழுப்பினார். நாடி பார்க்க அவள் கையைத் தூக்கியபோது வளையல்கள் முழங்கை வரை வழுக்கிப் போயின. அந்தக் கையை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"கடைசியா எப்பம்மா சோறு தின்னீங்க?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். "இவரு சாப்ட்டு முடிச்சாத்தானே சார் நான் சாப்புடறது? இவருதான் நாள் பூரா சாப்ட்டுக்கினே இருக்கறாரே. ராத்திரி மிச்சக் கஞ்சி இருந்தா குடிச்சிடுவேன்" என்று சமையல் பக்குவம் சொல்வதுபோலச் சொன்னாள்.

கம்பவுண்டர் என் பக்கம் திரும்பினார். "சார், வயித்த வெட்டனது உங்களுக்கா, அந்தம்மாவுக்கா?"

எனக்கு மறுபடி வியர்த்தது. இந்த வியர்வைக்குப் பொங்கல் மேல் பழி போட முடியவில்லை.

மத்தியானம் கம்பவுண்டர் வீட்டிலிருந்து சோறும் சாம்பாரும் வந்தன. மனைவியை உட்கார வைத்து நானே இலை போட்டேன். எத்தனையோ பந்தியில் உட்கார்ந்திருக்கிறேனே ஒழிய, ஒருவருக்கும் பரிமாறியதில்லை. எவ்வளவு போடுவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பழைய அளவுதான். சோற்றைக் குவித்து, நடுவில் குழி செய்து, சாம்பாரை ஊற்றினேன்.

"அய்யய்யோ, இவ்ளோ யாருங்க சாப்புடுவாங்க?" என்றாள். எனக்கு வாசனை வந்துவிடக் கூடாது என்று முந்தானையால் இலையை மறைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"இப்பிடித் திரும்பி உக்காரு" என்றேன்.

அவள் கை தயங்கித்தான் ஆரம்பித்தது. பிறகு வேகம் பிடித்தது. அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் அரை இட்லிக்கு நேரமாகிவிட்டது, கிண்ணம் மூடியபடியே இருந்தது. தலை நிமிராமல், ஒரு பருக்கை விடாமல், அந்தக் குவியல் முழுவதையும் அவள் சாப்பிட்டு முடித்தாள். எனக்கு அழுகை வந்தது.

"இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று கேட்டேன்.

வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். இலையை என் பக்கம் நகர்த்தினாள்.