ஒழுகாத கூரை

முல்லைத்தீவுக் கடலோரத்தில், வெள்ளைக்காரர் காலத்துக் களஞ்சியம் ஒன்றில் ஒளியைப் பற்றிய கண்காட்சி வைக்க விரும்பினோம். கலைஞர்களும் ஆய்வாளர்களும் இடத்தை வந்து பார்த்து யோசனை சொல்லலாம் என்று அறிவித்திருந்தோம்.

முதலில் வந்தவர் ஓர் இளம் ஆய்வாளர். மெலிந்த பெண், வெயிலில் கறுத்த முகம். எங்கே வெளிச்சத் துண்டு விழுந்தாலும், பேச்சை நிறுத்தாமலே உள்ளங்கையை அதில் நீட்டுவார். வாசல் வேம்பின் கீழும் அப்படித்தான் நின்றார்.

உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்தார்.

"கூரையை மாத்திப்போட்டீங்களோ, ஐயா?"

"ஓம் பிள்ளை. பழைய தகரம் முழுக்க சண்டைக்காலத்தில ஷெல் துண்டு பட்ட ஓட்டை. இனி ஒரு சொட்டும் ஒழுகாது." எனக்கு அந்தக் கூரையில் அத்தனை பெருமை.

"அந்த ஓட்டைகளைத்தான் கண்காட்சியா வைக்கக் கேக்க வந்தனான். சின்ன ஓட்டை எந்த வடிவமா இருந்தாலும், நிலத்தில விழுற வெளிச்சம் வட்டமாத்தான் இருக்கும். அது சூரியன்ர படம். இடம்பெயர்ந்து இதுக்குள்ள இருக்கேக்க, அம்மா அதில ஒண்டை ஏந்தி என்ர கையில விடுவா. 'சூரியன், கவனமா வைச்சிரு' எண்டுவா."

"தகரத்தை வித்திட்டம், பிள்ளை," என்றேன்.

"நல்லதுதானே, ஐயா. மழைக்கு ஆக்கள் நனையக்கூடாது."

போகும்போது மண்டபத்தின் நடுவில் நின்று, ஒருமுறை உள்ளங்கையை நீட்டினார். ஒன்றும் விழவில்லை.

பிறகு மாரி வந்தது. கூரை ஒழுகவில்லை. ஆனாலும், மத்தியானத்தில் களஞ்சியத்தைத் திறக்கும்போதெல்லாம் நான் முதலில் நிலத்தைத்தான் பார்க்கிறேன்.