எடுக்கக் கூடாத போன்

"சனிக்கிழமைக்குள்ள அந்த சர்வர் விழாம நிக்கணும். இல்லாட்டி நீ கமுதிக்கே போயி மொளகா பறி"ன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நான் கமுதிக்காரிதான். மொளகா பறிச்சவதான். அந்தக் கையெரிச்சலுக்குப் பயந்துதான் கம்ப்யூட்டரே படிச்சேன்.

வர்ற போன் காலையெல்லாம் இன்டர்நெட் வழியா எடுக்குற சர்வர் அது. ராமேஸ்வரம் தீவுல ஒரு மீனவர் சங்கத்து ஆபீஸ்ல, மாதா படத்துக்குக் கீழ நான்தான் வச்சேன். திரும்பி வர்ற படகுக்காரவுக, சிக்னல் கிடைச்சதும் சங்கத்து நம்பருக்கு அடிப்பாக. முன்னாடி ஒத்தை லைன்தான், அடிச்சா கிடைக்காதாம். அதுக்காக எங்க கம்பெனிகிட்ட இதை வாங்குனாக. வச்ச நாள்லருந்து, காலையில எட்டு மணிக்குப் படகு வரவும் இது படுத்துரும்.

கேபிளை மாத்துனேன். மெமரியை மாத்துனேன். ஆபீஸைத் திறந்து கூட்டுற அக்கா, அவுக வீட்டுக்காரரும் கடல்லதான், ஒரு நா பெட்டி மேல தண்ணியத் தெளிச்சிட்டாக. "ஐயோ, கரண்டு பெட்டிக்கா! தண்ணி ஊத்துறீக!"ன்னு கத்துனேன். "தண்ணி இல்லம்மா, தீர்த்தம்"னாக. வாட்ச்மேன் தன் பங்குக்கு ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டாரு. வெள்ளிக்கிழமை, தீர்த்தமும் பழமும் இருந்தும், எட்டு பத்துக்கு விழுந்துச்சு. கமுதியில என்னைப் பெத்த அய்யாவுக்குப் போன் போட்டு, வேலை போகப்போகுதுன்னு அழுதேன்.

அழுது முடிச்சு, பதிவான போன் கால்களைக் கேட்டேன். மொதல்ல நான் பதிஞ்சு வச்ச என் குரல், தேனா இனிக்குது: "வணக்கம். தங்கள் படகின் பெயரைக் கூறவும்." அப்புறம் இஞ்சின் சத்தம். அப்புறம், "ஐயோ மாதாவே, எடுத்துட்டாகளே!" டொக். அதே ஆள் திரும்ப. திரும்ப அதே அலறல். ஒத்தைப் படகு நாப்பது தடவை அடிச்சிருக்கு. எத்தனை படகு! சர்வர் சாகாம என்ன செய்யும்?

அக்காவைக் கூப்பிட்டுக் கேக்கவச்சேன்.

"பின்ன என்னம்மா? ஒரு ரிங் விட்டு கட் பண்ணா, எல்லாரும் சொகமா வாராகன்னு அர்த்தம். விடாம அடிச்சாத்தான் எடுப்போம். எடுத்துப் பேசுனாலே கெட்ட சேதிதான். உன் பெட்டி மொத ரிங்குலயே எடுக்குது. கரையில என்னமோ ஆயிருச்சுன்னு பதறிப் பதறி அடிச்சிருக்காக."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீ எங்கம்மா கேட்ட?"

எனக்கு வந்த கோவத்துக்கு அந்த எலுமிச்சம்பழத்தைப் பிச்சு வீசிட்டேன். என் வணக்கத்தையும் அழிச்சேன். இனி ஒரு ரிங் வந்தா, திரையில படகு பேரு மட்டும் வரும். விடாம அடிச்சாத்தான் லைன் எடுக்கும்.

சனிக்கிழமை மேனேஜர் வந்தாரு. தன் செல்லுலருந்து அடிச்சாரு. ரெண்டு ரிங் போச்சு. கட் பண்ணிட்டு என்னை முறைச்சாரு.

"எடுக்கவே மாட்டேங்குது!"

"எடுக்கக் கூடாது சார்."

"போன் சர்வரை வித்துட்டு, எடுக்கக் கூடாதுங்குறியா? கமுதிக்கு பஸ் எத்தனை மணிக்கு?"

அப்ப மேசையில இருந்த போன் அடிச்சுச்சு. மனுசன் படக்குன்னு கையை நீட்டுனாரு. அக்காவும், மீனுக்குக் கூடையோட நின்ன பொம்பளைகளும் ஒண்ணாக் கத்துனாக: "எடுத்துராதீக!" நெருப்பைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கிட்டாரு. ரிங் நின்னுச்சு. திரையில அக்கா வீட்டுக்காரரோட படகுப் பேரு. அக்கா சிலுவை போட்டுக்கிட்டு, கூடையைத் தூக்கிட்டுக் கரைக்கு நடந்தாக. அடுத்த ரிங். அடுத்த படகு. எட்டரையும் ஆச்சு, ஒம்பதும் ஆச்சு. சர்வர் விழல.

"ஒருத்தரும் பேசாம நல்லாத்தான் ஓடுது"ன்னாரு மேனேஜர். "திங்கக்கிழமை நேரத்துக்கு ஆபீஸ் வந்துரு."

பஸ்ஸுல எனக்கு சந்தோசம் தாங்கல. அய்யாவுக்கு ஒரே ஒரு ரிங் விட்டு கட் பண்ணுனேன். சொகமா இருக்கேன்னு அர்த்தம்ல?

மறுநிமிசமே அய்யா அடிச்சாரு. நான் ஹலோ சொல்றதுக்குள்ள, "ஏத்தா, வேலை போயிருச்சா? போனாப் போகுது, அழுவாத. மொளகா பூராம் நானே பறிச்சிட்டேன். நீ சும்மா வந்து உக்காரு"ன்னாரு.