ஜன்னலோரக் கட்டிலின் பில்

நான் பில் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரிக்கு யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது கடவுளுக்கும் தலைமைக் கிளாக்கருக்கும் மட்டுமே தெரியும். அதிலும் கடவுளுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கும். துறைமுகத்தைப் பார்த்தபடி எங்கள் பெரிய ஆஸ்பத்திரி. கந்தளாயிலும் மூதூரிலும் புல்மோட்டையிலும் அதன் கிளைகள். எல்லாம் ஒரு தர்மசபையின் சொத்து. வசதியுள்ளவர்கள் கட்டுவார்கள், சிலர் இழுத்தடிப்பார்கள், இன்னும் சிலர் நெல் மூட்டையோடு வந்து நிற்பார்கள். ஒரு கிளையில் எழுதிய கணக்கு இன்னொரு கிளைக்கு விளங்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி புதிய முறையொன்றைக் கொண்டுவந்து இறக்கியபோது மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நான் சந்தோஷப்பட்டேன். ஒழுங்கு என்றால் எனக்குப் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும்.

முறை சுலபமானது. பெயர் வேண்டாம், கட்டில் இலக்கம் போதும். ஒரே வார்ட்டில் ஒரே பெயரில் மூன்று நாலு பேர் கிடக்கிற ஊர் இது என்பதால் அதுவும் எனக்கு நியாயமாகவே பட்டது. மருந்து, இரத்தப் பரிசோதனை, ஒபரேசன், எதுவானாலும் கட்டில் இலக்கம் போட்ட துண்டு எங்கள் கந்தோருக்கு வரும். நான் கூட்டல் மெசினில் தட்டி மொத்தம் போடுவேன். கணக்குத் தீர்ந்தால் பச்சைத் துண்டு கொடுப்போம். அது இல்லாமல் வாச்சர் கேற்றைத் திறக்க மாட்டார்.

ஆண்கள் வார்ட்டில் இருந்த ஒரு வழக்கத்தை மட்டும் யாரும் அந்த அதிகாரிக்குச் சொல்லவில்லை. ஒளிக்கவில்லை. மூச்சு விடுகிறோம் என்று யாராவது சொல்லிக்கொண்டு திரிவார்களா? முஸ்லிம் நோயாளி ஒருவர் இனித் தப்பமாட்டார் என்று தெரிந்தால், தாதி மிஸ்ஸிமார் அவரை மேற்குப் பக்கத்து ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றிவிடுவார்கள். அந்த ஒரு கட்டிலில்தான் வழியை மறைக்காமல், மக்கா இருக்கும் கிப்லாவின் பக்கம் முகம் பார்க்கப் படுக்கவைக்கலாம். அதில் ஏற்கெனவே கிடப்பவர் தமிழரோ சிங்களவரோ, ஒரு சொல் சொல்லாமல் எழுந்து அவருடைய கட்டிலுக்குப் போய்விடுவார். கட்டில் இலக்கமோ சுவரில் ஆணியடித்து இருந்தது. ஆள் மாறினாலும் அது மாறாது.

அந்தக் கிழமை ஜன்னலோரத்தில் இருந்தவர் கந்தளாயில் வயல் செய்யும் கமக்காரர். வயிற்றில் ஒபரேசனுக்காகக் காத்திருந்தார். நெஞ்சு வருத்தத்தோடு மூதூரிலிருந்து வந்திருந்த வயதான மீனவருக்கு நோய் கடுமையானதும், இருவரும் கட்டில் மாறினார்கள். மறுநாள் கமக்காரருக்கு ஒபரேசன் நடந்தது. ஒபரேசன் தியேட்டரில் முன்னமே எழுதி வைத்திருந்த ஜன்னலோர இலக்கத்தையே துண்டில் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் காலையில் மூதூர்க்காரர் இறந்துபோனார்.

மகனும் மகளும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது பத்து மணி கழிந்திருந்தது. மகளுக்கு என் வயதுதான் இருக்கும். தகப்பனோடு வந்த நாளிலிருந்து வார்ட் விறாந்தையிலேயே கிடந்தவள். கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"ரெண்டரை மணி லோஞ்சில மையித்தக் கொண்டு போகணும், மிஸ்," என்றான் மகன். மூதூருக்குக் குடாவைக் கடக்கும் படகைச் சொன்னான். "அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். உம்மாக்கு ஆள் அனுப்பியாச்சு."

நான் துண்டுகளைக் கூட்டினேன். கடைசியில் ஒபரேசன் கணக்கு வந்து நின்றது. அவர்கள் கட்டியிருந்த முற்பணம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

"ஒபரேசனா? வாப்பாட உடம்பில ஒரு கீறலும் இல்ல. வந்து பாருங்க."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வார்ட்டுக்கு ஓடினேன். பொறுப்பாக இருந்த சிஸ்டர் தலையில் கை வைத்தார். "ஓம், நாங்கள்தான் மாத்தினனாங்கள். எப்பவும் செய்யிறதுதானே?" என்றார். அவரையும் கையோடு அழைத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனேன். இரண்டு நிமிஷ வேலை என்று நினைத்தேன்.

அதிகாரி கெட்டவர் அல்லர். அப்படி இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "சிஸ்டர் வார்ட் துண்டுக்குத்தான் கையெழுத்து வைக்கலாம். தியேட்டர்த் துண்டைத் திருத்த தியேட்டர் டொக்டர் வைக்க வேணும்."

டொக்டர் உள்ளே ஒபரேசனில் நின்றார். தியேட்டர்க் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கதவைத் தட்டினால் மிஸ்ஸி ஒருத்தி கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையை விரித்தாள். ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டர் புல்மோட்டைக் கிளைக்குப் போயிருந்தார். நான் மாடிக்கும் கீழுக்கும் ஓடி ஓடிக் களைத்தேன். பகல் சாப்பாட்டு மணி அடித்தது. நான் சாப்பிடப் போகவில்லை, கந்தோருக்கு வந்திருந்த அதிகாரியை மறித்தேன்.

"நான் பிணை நிக்கிறன், சேர்," என்றேன். "பிழை எண்டால் என்ரை சம்பளத்தில பிடியுங்கோ."

"ஊழியர் பிணை நிக்க ஏலாது, மிஸ். இண்டைக்கு ஒருத்தருக்கு விட்டால் நாளைக்கு எல்லாரும் கேற்றடியில வந்து நிப்பினம். அடுத்த கிழமை சபைக்காரர் பார்க்க வருகினம். தொடங்கின உடனேயே நான் முறையை உடைச்சால் அவையளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

அவருடைய கழுத்துப்பட்டி வியர்வையில் நனைந்திருந்தது. இந்த முறை சரிவராவிட்டால் அவர் பாடும் சரிவராது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என் வாய் நிற்கவில்லை. "சாகக் கிடந்தவருக்கு ஆர் சேர் ஒபரேசன் செய்யிறது?" என்று கேட்டேன். கந்தோர் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

இரண்டு மணியாகப் போகும்போது அவர் தானே கீழே இறங்கி வந்தார். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்த மனிதரின் நடை அது. மையித்துப் போகலாம், கணக்குத் திருந்தும்வரை குடும்பத்தில் ஒருவர் இங்கே இருந்தால் போதும் என்றார். தான் பெரிய மனது பண்ணிவிட்டதாக அவர் உண்மையாகவே நம்பினார்.

மகன் தமக்கையைப் பார்த்தான். "நான் நிக்கிறன், லாத்தா. நீங்க போங்க. உம்மா உங்களத்தான் தேடுவா."

தகப்பனை வீட்டுக்குக் கொண்டுபோய், தாயின் பக்கத்தில் இருந்து கடைசியாக முகம் பார்த்து அனுப்புவதைத் தவிர அன்றைக்கு அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"கபுறுக்குழிக்குள்ள இறங்க நீதான் வேணும்," என்றாள். "பொம்பிளைக்கு அங்க வேலையில்ல. நீ போ, தம்பி."

கேற் திறந்தது. படகுத்துறை ஜெட்டியிலிருந்து வந்த ஆட்கள் மையித்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை றோட்டில் விரைவாக நடந்தார்கள். தம்பி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். அவள் கேற்றின் உட்பக்கம் நின்று, அவர்கள் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை. லோஞ்சின் ஊதுகுழல் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, உள்ளே புழுக்கமாக இருக்கிறதென்று சொல்லி, கடல் தெரிகிற விறாந்தைக்குப் போய்விட்டாள்.

நான் தியேட்டர் வாசலிலேயே நின்றேன். அந்த விளக்கை ஒரு கல்லால் எறிந்து உடைக்கலாமா என்றுகூட நினைத்தேன். உள்ளேயும் யாரோ ஒருவருடைய உயிர் கிடந்தது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. வெயில் நன்றாகச் சாய்ந்த பிறகு கதவு திறந்தது. டொக்டர் கையுறையைக் கழற்றியபடியே நான் சொன்னதைக் கேட்டார், பேனாவை வாங்கினார், ஒரு கோடு கீறிக் கையெழுத்து வைத்தார். அவ்வளவுதான்.

கந்தோரில் நான் திரும்பவும் தட்டினேன். அவர்கள் எங்களுக்கு ஒரு சதமும் தரவேண்டியிருக்கவில்லை. முற்பணத்தில் மிச்சம் இருந்தது, நாங்கள்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதிகாரி எனக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு ஆறுதலாக மூச்சு விட்டார்.

"பாத்தீங்களோ, மிஸ்? முறைப்படி போனால் பிழை தன்ரை பாட்டில திருந்தும்."

வாய்க்கு வந்ததையெல்லாம் நான் விழுங்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் அப்படி விழுங்கியது குறைவு. பச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். அவள் தூணோடு சாய்ந்து குடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி வந்திட்டுது, தங்கச்சி," என்றேன். "இனி நீங்கள் போகலாம்."

அவள் துண்டைப் பார்க்கவில்லை. வானத்தில் வெளிச்சம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்தாள்.

"எங்க, மிஸ்?" என்று கேட்டாள். "இந்நேரம் மண் போட்டிருப்பாங்க."