பெயரில்லாத குச்சி மனிதன்

மும்பை தாராவியில் பிறந்து பக்கத்துச் சுனாபட்டியில் குடியிருக்கும் பிரேமலதாவுக்கு நவி மும்பை ஐரோலியில் வேலை. ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் எப்படித் தகவல் கேட்டு வாங்க வேண்டும் என்று விளக்கும் ஏபிஐ ஆவணங்களை எழுதுவாள். எழுதும் முன் யூஸ் கேஸ் படம் போட்டுவிடுவாள்: கேட்கிறவருக்கு ஒரு குச்சி மனிதன், கேட்கும் வேலைக்கு ஒரு முட்டை வட்டம், நடுவே ஒரு கோடு.

சென்ற ஜூனில் ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கான செயலி அவள் கைக்கு வந்தது. நோயாளி, மருத்துவர், பரிசோதகர் மூவருக்கும் கோடு இழுத்தாயிற்று. ஒரு வட்டம் மட்டும் யாரோடும் சேராமல் நின்றது: 'சர்க்கரை நோயாளிகளின் போன் எண்களைத் தருதல்.' யாருக்கு?

மேலாளர் சங்கரநாராயணன், மும்பை மாட்டுங்காவின் தமிழர், திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது பழசும்மா. டயகிராம்ல காட்ட வேண்டாம்."

"யூஸ் பண்றது யாரு சார்?"

"விட்டுடுன்னு சொன்னேனே."

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா முப்பிடாதியம்மாள் போனை நீட்டினாள். "ஏட்டி, சுகர் மருந்து விக்கவன் மறுபடியும் கூப்புடுதான். எனக்குச் சுகர் இருக்குன்னு அவனுக்கு யாரு சொன்னா?"

அம்மா ரத்தம் கொடுத்தது இதே செயலியை வைத்திருக்கும் நிலையத்தில்தான்.

அதன்பின் பிரேமலதாவுக்கு எல்லாமே உறுத்தியது. சங்கரநாராயணன் போனோடு படிக்கட்டுக்குப் போனால் அவள் கண்ணும் பின்னாலேயே போனது. பக்கத்து இருக்கை வெங்கடேஷ் "க்யா ஹுவா?", என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டாலும், எண்களைக் கொடுப்பது இவனாக இருக்குமோ என்று தோன்றியது.

பரிசோதனை நிலையங்களின் சார்பில் டாக்டர் மகேஸ்வரி படத்தைப் பார்க்க வந்தார். பிரேமலதா அந்த வட்டத்தை நீக்கவில்லை. பக்கத்தில் ஒரு குச்சி மனிதனை நிறுத்தி, பெயருக்குப் பதில் கேள்விக்குறி போட்டிருந்தாள்.

"இது யாரு?" என்றார் மகேஸ்வரி.

பிரேமலதா சங்கரநாராயணனைப் பார்த்தாள்.

"பழைய சுகர் கேம்ப்புக்கு மெசேஜ் அனுப்ப ஓப்பன் பண்ணினது மேடம்," என்றார் சங்கரநாராயணன். "கேம்ப் முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. க்ளோஸ் பண்ண விட்டுப்போச்சு."

"அப்போ இப்பவும் யாராவது எடுக்கறாங்களா?"

வெங்கடேஷ் பதிவுகளைத் திறந்தான். முந்தின செவ்வாய்க்கிழமைகூட யாரோ எண்களை எடுத்திருந்தார்கள். கேம்ப் நடத்திய ஏஜென்சிக்குக் கொடுத்த அதே பாஸ்வேர்டு. இப்போது யார் கையில் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் அந்த வழியை மூடினார்கள்.

சங்கரநாராயணன் மறந்தாரா, தெரிந்தே விட்டாரா என்பது பிரேமலதாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அன்றிலிருந்து அவர் அவளிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிறார்.

இனித் தங்கள் ஆவணங்களை எல்லாம் பிரேமலதாவே எழுத வேண்டும் என்று மகேஸ்வரி மின்னஞ்சல் அனுப்பினார். அது வேறு யார் யாருக்குப் போயிருக்கிறது என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்துவிட்டுத்தான் அவள் பதில் எழுதினாள்.