தேவகி டீச்சரும் எட்டு நிரைகளும்

சனிக்கிழமை காலை கியா பார்ம் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தபோது, பள்ளி அலுவலகக் கிராணியிடமிருந்து வாட்ஸ்அப் புலனத்தில் செய்தி வந்தது. “தேவகி டீச்சர் போயிட்டாங்க சார்.” சிகிச்சைக்காக ஈப்போ போவதாக இருந்தார். அதைத்தான் சொல்கிறார் என்று எண்ணி, “நல்லது, பத்திரமா போகச் சொல்லுங்க” என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஆண்டுக்கணக்கில் தமிழ் கற்பிக்கிறவனுக்கு நான்கு சொல்லைச் சரியாக வாசிக்கத் தெரியவில்லை. டீச்சர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அவர் கணித ஆசிரியர், என்னைவிட எட்டு வயது இளையவர். இந்த அஞ்சலியை வாசிக்கும், அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், உற்சாகம் வந்துவிட்டால் யார் வகுப்பு என்றெல்லாம் பார்க்கமாட்டார், நேராக உள்ளே வந்துவிடுவார். கணக்கு வகுப்பில் பிள்ளைகளைக் கேள்விகளை உரக்க வாசிக்கவைத்து, அதற்குப் படம் வரையச் சொல்லத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. “வாசிப்பு என் பாடம் டீச்சர்” என்றேன்.

“உங்க பாடந்தான் சார். ஆனா உங்க கிளாஸ விட்டு வெளிய வந்ததும் பிள்ளைங்க வாசிக்கிறத நிறுத்திடுதுங்களே. நம்பர மட்டும் பொறுக்கி எடுத்துப் பெருக்கிடுதுங்க லா” என்றார். நான் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

அப்போது நான்காம் ஆண்டில் திவ்யா படித்தாள். கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள், வாய் திறக்கவே மாட்டாள். கணக்கில் தொடர்ந்து குறைந்த புள்ளிகள். வகுப்பாசிரியர் என்ற முறையில், குறைநீக்கல் வகுப்புக்கு அவளை அனுப்பும் விண்ணப்பப் பாரத்தை நிரப்பிவிட்டேன். அவள் அம்மா வந்து, “அங்க போட்டா மத்த பிள்ளைங்க மக்குன்னு கூப்பிடும் சார். அப்புறம் ஸ்கூலுக்கே வரமாட்டா” என்றார். நான் மனம் மாறவில்லை. தேவகி டீச்சர்தான் ஒரு நாள் அவகாசம் கேட்டார்.

அவளுடைய கடைசித் தேர்வுத்தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். “தேயிலைச் செடிகள் 8 நிரைகளில், வரிசைக்கு 25 வீதம் நடப்பட்டுள்ளன. மொத்தச் செடிகள் எத்தனை?” திவ்யா எழுதியிருந்த விடை 400.

“என்ன கேக்குறாங்கன்னு உன் வாயால சொல்லு. கணக்குப் போட வேணாம்” என்றார் டீச்சர்.

திவ்யா படம் போட்டாள். நடுவில் அம்மா. “அம்மா நெரை புடிச்சாங்கன்னா இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. ரெண்டுலயும் பறிக்கணும் டீச்சர். ஒரு நெரைக்கு அம்பது செடி.”

அடுத்த நிமிடம் டீச்சர் அந்தப் படத்தோடு என் வகுப்புக்குள் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. “சார், இந்தப் பிள்ள தப்பா வாசிக்கல. நம்மளவிட நல்லா வாசிச்சிருக்கா.”

படத்தைப் பார்த்ததும், பிழை என்னுடையது என்று தெரிந்துவிட்டது. ஏனென்றால், அவர் எழுதித் தந்த கேள்வியில் இரண்டு இடத்திலும் ‘வரிசை’ என்றே இருந்தது. பிழை திருத்தியவன் நான். ஒரே சொல் இரண்டு முறை வந்தால் அழகில்லை என்று முதல் ‘வரிசை’யை ‘நிரை’ ஆக்கினேன். இருவரும் மற்ற தாள்களைப் புரட்டினோம். கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லாரும் 400. திரிங்காப்பில் காய்கறி போடுகிறவர்களின் பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் 200. அவர்களைத்தான் கெட்டிக்காரர்கள் என்று நான் மெச்சிக்கொண்டிருந்தேன்! பாரத்தைக் கிழித்துவிட்டுத் திவ்யாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் டீச்சரைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு பள்ளியே களைகட்டியது. அறிவியலில் ‘ஆவியாதல்’ வந்தபோது பேய்க்கதை சொன்னவன் முதல் எல்லாரையும் பேசவிட்டோம். “தெரியாத சொல்ல எல்லாருந்தான் கேப்பாங்க. தெரிஞ்ச சொல்லையும் ஒரு தடவ சந்தேகப்படணும்” என்பார் டீச்சர்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சந்தேகத்தைத்தான். நான் எழுதும் அழகான வரியை இப்போது நான் நம்புவதில்லை. இந்த அஞ்சலியையும், இன்று இடைநிலைப்பள்ளியில் படிக்கும் திவ்யாவிடம்தான் முதலில் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசித்தவள், “இது புரியல சார்” என்று இரண்டு இடங்களைக் காட்டினாள். மாற்றிவிட்டேன்.